மைனஸில் போன ஏசுபாதம்

அந்த நாட்களை நினைத்தால் ஞானசுந்தரிக்கு இன்றும் சிரிப்பு வரும். எழுபத்து மூன்றாம் வருஷம் அது. தங்க வயலில், சுரங்க ஆட்களின் வேலைநேரம் குறிக்கும் டைம் ஆபீஸில் கம்ப்யூட்டர் படித்தவள் அவள் ஒருத்திதான். மாரிக்குப்பத்தில் காலை ரயில் ஏறிப் பெங்களூர் போய், அங்கிருந்த மெஷினுக்காக அட்டையில் ஓட்டை போட்டு, ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் கணக்கு ஓட்டி, சாயங்காலம் காகிதக் கட்டோடு இறங்குவாள். "இன்னாம்மா, மெஷின் இன்னா சொல்லிச்சு?" என்று தெருவே கேட்கும். அடேயப்பா, என்ன பவுசு!

அந்த வருஷம் ஓர் உத்தரவு வந்தது. சுரங்கத்தின் அடி லெவல் சூட்டில் அதிக மணிநேரம் உழைத்த பத்துப் பேருக்கு இனி தரைக்கு மேலே வேலை. அந்தச் சூட்டில் யாரும் ஆறேழு வருஷத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள், கெஞ்சிக் கூத்தாடி வேறு லெவலுக்கு மாறிவிடுவார்கள். அடுத்த வீட்டு ஏசுபாதம் மட்டும் பதினாலு வருஷமாக அங்கேயே வெந்துகொண்டிருந்தார்.

ஞானசுந்தரி கணக்கை ஓட்டிப் பட்டியல் கொண்டுவந்தாள். பத்தாவது பெயர், அதே அடி லெவலில் உழைக்கும் அவள் சொந்த அண்ணன் டக்ளஸ். அம்மா மரியகுழந்தை கோயிலுக்கு ஓடி மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள். எல்லோருக்கும் கீழே, பட்டியலின் கடைசிப் பெயர் ஏசுபாதம். மணிநேரம், மைனஸ் முப்பத்தோராயிரத்து நானூற்று இருபத்து நாலு.

டைம் ஆபீஸ் தலைவர் ஏகநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னாம்மா இது, பொறக்கறதுக்கு முன்னாடியே ஷிப்டுக்குப் போனாரா? அட்டையில ஏதோ கோளாறு. அவர வுட்டுடு. திங்கக்கெழம போர்டுல ஒட்டிடலாம்."

சேதி கேட்ட ஏசுபாதம் சண்டைக்கு வரவில்லை. "மெஷினுக்குத் தெரியாததாம்மா? நம்ம தலையெழுத்து" என்று வீங்கிய முழங்காலைத் தடவிக்கொண்டார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் கணக்கை விரித்து உட்கார்ந்தாள். மணிநேரத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் 'மணி'. வீட்டில் பேசுகிற பேச்சையே மெஷினிடமும் பேசியிருந்தாள், அசடு! இங்கிலீஷ் எழுத்தில் எம்மில் தொடங்கும் பெயர் என்றால் ஃபோர்ட்ரான் அதை முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். அந்த மெஷினின் முழு எண்ணில் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழுக்கு மேல் கொள்ளாது. அதைத் தாண்டினால் ஒரு சுற்றுச் சுற்றி மைனஸ் பக்கம் போய் நிற்கும். தசம எண்ணாக வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. விட்டுப்போன ஒரு சுற்றை, அதாவது அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறை, கையால் கூட்டிப் பார்த்தாள். ஏசுபாதத்தின் மணிநேரம் முப்பத்து நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. பத்துப் பேரில் முதல் ஆள் அவர்!

அப்படியானால் டக்ளஸ் பதினோராவது.

அண்ணனிடம்தான் முதலில் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த டக்ளஸ் கேட்டான்: "நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேண்ணா."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். ஞாயிறு முழுக்க வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அம்மா மட்டும், "கூடப் பொறந்தவனையே குழியில தள்றியேடி" என்று முணுமுணுத்தாள். ஞானசுந்தரிக்கு ஊரைவிட்டே ஓடிவிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை ஏகநாதனிடம் போய், தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டாள். அவர் முகம் கறுத்தது. திட்டினார், ஆனால் பட்டியலைத் திருத்தினார். போர்டின் முன்னால் ஏசுபாதம் தன் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. டக்ளஸ் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் நின்றான்.

"ஞானம், என் மணி எத்தினின்னு சொன்ன?"

மூன்று நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது.

"பதினாலாயிரத்து நானூறுண்ணா."

"இன்னிக்கு எட்டு மணிநேரம் சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் பக்கம் நடந்தான்.