அம்சம் எடுத்த மாதிரி வகுப்பு

பிளஸ் ஒன் படிப்பு வந்த முதல் வருடம், தை மாதம். திருவாரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கப் போனாள் அம்சம். அன்று விடியற்காலையில்தான் அவர்கள் தெருவுக்குள் போலீஸ் லாரி வந்திருந்தது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டு வயலில் இறங்காமல் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் அப்பா செல்லதுரையும் அதில் இருந்தார். "நீ போயி பாடத்த எடும்மா" என்று லாரியிலிருந்தே சொல்லிவிட்டார்.

வகுப்பின் கடைசி பெஞ்சில் தாளாளர் பஞ்சநதம் உட்கார்ந்திருந்தார். அறுக்காமல் கிடந்த வயல்களும் அவருடையவைதான்.

அம்சம் பலகையில் 2cos²x + 3sin x = 0 என்று எழுதினாள்.

"சைனும் காஸும் கலந்து கெடந்தா தீர்க்க முடியாது. காஸ் வர்க்கத்துக்குப் பதிலா ஒண்ணு கழித்தல் சைன் வர்க்கம் போடுவோம். அப்புறம் சைனை y-ன்னு வச்சுக்கிட்டா, இது வெறும் இருபடிச் சமன்பாடு."

சாலையில் ஏதோ ஜீப் போனது. கண் ஜன்னலுக்கு ஓடியது; கை 2y² − 3y + 2 = 0 என்று எழுதியது. சூத்திரத்தைப் போட்டாள். வர்க்கமூலத்துக்குள் மைனஸ் ஏழு வந்து நின்றது; அதை வைத்து விடை வராது. மறுபடி போட்டாள். அதேதான். ஸ்டேஷனில் அடித்திருப்பார்களோ?

முன்வரிசையில் இருந்த சஃபியா எழுந்தாள். "டீச்சர், கடைசி ரெண்டுக்கு முன்னால மைனஸ்தானே வரணும்?"

"ஆமாம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

உள்ளங்கையால் அழித்துத் திருத்தினாள். (2y + 1)(y − 2) = 0. y என்பது மைனஸ் அரை, அல்லது இரண்டு.

"சைன் ரெண்டு ஆகுமா?"

"ஆகாது டீச்சர், ஒண்ணத் தாண்டாது."

இரண்டை அடித்துவிட்டு, மைனஸ் அரைக்கு 210 டிகிரி, 330 டிகிரி என்று விடை எழுதி முடித்தாள்.

வராந்தாவில் பஞ்சநதம் நிறுத்தினார். "நல்லாத்தான் எடுத்தே. வேலை உனக்குத்தான். நாளைக்கு ஆளுங்களக் கூட்டிக்கிட்டு அறுப்புக்கு எறங்கச் சொல்லி ஒங்கப்பன்கிட்ட நீ சொல்லிடு. ஸ்டேஷன்ல நான் பேசிக்கிறேன்."

வேலை வேண்டும். அப்பாவும் வீட்டுக்கு வரவேண்டும். 'சரிங்கய்யா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அத நான் அவருகிட்ட சொல்ல மாட்டேங்கய்யா."

ஸ்டேஷனுக்குக் கிட்டத்தட்ட ஓடினாள். அப்பாவின் உதடு வீங்கியிருந்தது.

"எப்படிம்மா எடுத்தே?"

"பாடம் வந்துருச்சுப்பா. வேலை வராது." காரணத்தையும் சொன்னாள்.

அவர் துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டார். பிறகு, "முத்தின நெல்லு, கொட்ட ஆரம்பிச்சிருச்சு. அவராலயும் ரொம்ப நாள் தாங்க முடியாது" என்றார்.

அடுத்த வாரம் தாசில்தார் முன்னால் பேச்சு முடிந்தது. கேட்டதில் பாதி கூலி ஏறிற்று, ஆட்களை விட்டார்கள். பள்ளியிலிருந்து தகவல் ஏதும் வரவில்லை. ஆனி மாதம் பேராவூரணியில் அரசுப் பள்ளி வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று பஸ் வரும்வரை அம்சம் ரோட்டோரத்தில் நடந்துகொண்டே இருந்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த செல்லதுரை, "இப்படி வந்து ஒக்காரும்மா, வண்டி வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.