கண்ணாடித் தம்ளரில் ஒரு கட்டைவிரல்

வேதியியல் வாத்தியாருக்கு வேறு வழி தெரியவில்லை. அறிவியல் பிரிவில் சேர ஆளே இல்லை. இந்த வருடமும் இப்படியே போனால் ஆய்வகத்துக்குப் பூட்டுதான். அதனால் விடுமுறையில் தடயவியல் அறிமுக வகுப்பு என்று ஒரு தூண்டிலைப் போட்டார். கொலை, ரத்தம் என்றால் கூட்டம் கூடும் என்று கணக்குப் போட்டார். கூடியது.

வந்தவர்களில் ‘ஊமைக்கோட்டான்’ என்று பட்டப்பெயர் வாங்கிய பெண்ணும் ஒருத்தி. வணிகவியல் எடுப்பதாக அப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சும்மா பொழுது போக வந்திருந்தாள்.

வீட்டில் அவரவர் மட்டும் தொடும் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார் வாத்தியார். அவள் தான் தண்ணீர் குடிக்கும் கண்ணாடித் தம்ளரை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். கரித்தூளைத் தூரிகையால் தடவியதும் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நடுவே இன்னொன்று. சின்னக் கட்டைவிரல், குறுக்கே ஒரு வெட்டுத்தழும்பு.

“தங்கச்சி எடுத்திருக்கா போல,” என்றார் வாத்தியார். “பத்து, பதினொரு வயசு இருக்கும்.”

“வீட்ல நானும் அப்பாவும்தான் சார்.”

“அப்போ பக்கத்து வீட்டு வாலு எதாவது வந்திருக்கும்.”

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள். பென்சில் சீவும்போது பிளேடில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டவள். அலமாரிக் கதவின் ஈரப் பெயிண்டில் அதே விரலை அழுத்தி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். ஐந்து வருடத்துக்கு முன், ஆறு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் கதவுக்கு அப்பா மறுபடி பெயிண்ட் அடிக்கவே இல்லை.

மறுநாள் கதவுத் தடத்தைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து வந்தாள். யாருடையது என்று சொல்லவில்லை. வாத்தியார் இரண்டையும் வைத்துப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“ஒரே ஆள்தான், சந்தேகமே இல்ல. கதவுல இருக்கறது குட்டிப் பிள்ளையா இருந்தப்போ வச்சது. தம்ளர்ல இருக்கறது இப்போ. ரேகை மாறாதும்மா, விரல்தான் வளரும்.”

“வளந்திருக்கா சார்?”

“பின்ன? நல்லாவே வளந்திருக்கா.”

அன்றே அவள் அறிவியல் பிரிவுக்குப் பெயர் கொடுத்தாள். தன் தூண்டிலில் மீன் விழுந்துவிட்டது என்று வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தவள் இன்னொரு தம்ளரை எடுத்துத் துடைத்துத் தன்னுடையதன் பக்கத்தில் வைத்தாள். இத்தனை வருடமும் அந்தப் பிள்ளைக்கென்று ஒரு தம்ளர்கூட இல்லையே என்று நினைத்ததும் பயத்தைத் தாண்டி அழுகை வந்தது. தண்ணீர் ஊற்றும்போது அப்பா வந்து நின்றார்.

அப்பா இரண்டாவது தம்ளரைப் பார்த்தார்.

“பாதி ஊத்தினா போதும்மா,” என்றார். “நிறைய ஊத்தினா சிந்திடறா.”