கடற்கரை நாய்கள்

ஸுல்பிகா பிரதேச சபையில் நாய்களைப் பற்றிப் பேசிய அன்று எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பட்டியலில் வந்த உறுப்பினர் அவள். மன்னாரிலிருந்து தொண்ணூறில் துரத்தப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியேற்றம்தான் அவளுடைய வட்டாரம். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று அதுவரை அவள் கேட்டதெல்லாம் எல்லோரும் கேட்பவைதான்.

சபையின் நாய்க் காப்பகம் அவளுடைய குடியேற்றத்தின் பின்புறம், ஒரு பழைய உப்புக் களஞ்சியத்தில் இருந்தது. விடிந்தால் அதன் கேற்றடியில் உரப்பையில் கட்டிய குட்டிகள் கிடக்கும். வளர்க்க வழியில்லாதவர்கள் போட்டுவிட்டுப் போவார்கள். உயிர் தப்பியவை ஒழுங்கைகளில் திரிந்து வளர்ந்து மறுபடியும் குட்டி போட்டன. அந்த வருசம் பள்ளிக்கூடம் போன பிள்ளையொன்றை விசர்நாய் கடித்தது. ஊசி போட்டுப் பிள்ளை பிழைத்தது. ஆனால் ஊரில் எல்லோரும் நஞ்சு வைக்கச் சொன்னார்கள்.

"நஞ்சு வைச்சா அடுத்த மழைக்குள்ள திரும்பவும் இதே அளவு வரும். குட்டி போடாமச் செய்யணும். ஏழை எளியவங்க கூட்டிக்கொண்டு வாற நாய்க்கும் குறைஞ்ச காசில கருத்தடை செய்ய சபை பணம் ஒதுக்கணும்" என்றாள் ஸுல்பிகா.

"நாய் நக்கின பாத்திரத்த ஏழு தரம் கழுவுறவங்க நாங்க. நீங்க அதுக்கு ஆஸ்பத்திரி கேக்கிறீங்க" என்றார் பின் கதிரையில் இருந்தவர்.

"கழுவத்தான் சொல்லியிருக்கு நானா. கொல்லச் சொல்லல்ல."

சிரிப்பு அடங்கியது. ஆனால் பணம் இல்லை என்று சொல்லித் தவிசாளர் அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்.

மிருக வைத்தியர் சுதர்சினி சம்பளம் வாங்காமல் வேலை செய்வதாக ஒத்துக்கொண்டார். மயக்க ஊசிக்கும் தையல் நூலுக்கும் மருந்துக்கும் யாராவது கொடுக்க வேண்டும். அப்போதுதான் நெய்னார் ஆளனுப்பினார். யுத்தம் முடிந்த பிறகு கடற்கரையில் முளைத்த ஹோட்டல்களில் பெரியது அவருடையது.

"மாசாமாசம் முழுச் செலவும் என்ட பொறுப்பு தங்கச்சி. ஒண்டு மட்டும். என்ட கடற்கரையில பிடிக்கிற நாய் திரும்பி வரக்கூடாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பயப்படுது."

சுதர்சினிக்கு இது பிடிக்கவில்லை. "ஆப்பரேசன் செய்த நாய் இருந்த இடத்துக்கே போகணும். அந்த இடம் வெறுமையாக் கிடந்தா வேற நாய் வந்து நிரப்பும். காப்பகத்தில இவ்வளவு நாயை அடைக்கவும் ஏலாது."

"முதல்ல தொடங்குவம் டொக்டர். பிறகு பேசிச் சரிக்கட்டலாம்" என்றாள் ஸுல்பிகா. கையில் வந்ததை விட்டால் இனி எப்போது வரும் என்ற பயம் அவளுக்கு.

வேலை தொடங்கியது. குடியேற்றத்திலிருந்தும் மீனவர் தெருக்களிலிருந்தும் ஆட்கள் பெட்டை நாய்களைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்தார்கள். சுதர்சினி ஆப்பரேசன் செய்து, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டித் திருப்பிக் கொடுத்தார். ஆனால் ஹோட்டல் லொறி கொட்டிய நாய்கள் உள்ளேயே தங்கின. ஒன்றின் சாப்பாட்டை ஒன்று பறித்தது. ஆறாத தையலோடு சண்டை பிடித்தன.

ஒருநாள் யூஜீனியா வந்தாள். ஹோட்டலுக்கு அப்பால் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டுக் கருவாடு காயவைக்கிறவள். புருசன் கடலோடு போனபிறகு தனிக்கட்டை.

"என்ட வாடி நாய் மூண்டையும் லொறியில ஏத்திட்டாங்க தங்கச்சி. அதுகள் இல்லாம காகமும் பன்றியும் பாயில கிடக்கிற மீனை விட்டுவைக்குதில்ல. ராவில தனியப் படுக்கவும் பயமாக் கிடக்கு."

"ஹோட்டல்காரரோட ஒரு பேச்சு இருக்கு அக்கா. கொஞ்சம் பொறுங்க. நான் கதைச்சு எடுத்துத் தாறன்."

யூஜீனியா திரும்பிப் போனாள். ஸுல்பிகா நெய்னாரிடம் கதைக்கவில்லை. இந்தக் கிழமை வேண்டாம், காசு வரட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

அதற்குள் காப்பகத்தில் வயிற்றோட்டம் தொற்றியது. முதலில் குட்டிகள் இரத்தமாய்க் கழிந்து செத்தன. பிறகு பெரிய நாய்கள். சுதர்சினி வந்து ஊசி போட்டு, சேலைன் ஏற்றி, கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். யூஜீனியாவின் கறுப்புப் பெட்டையும் செத்தது. ஸுல்பிகாவே ஆளனுப்பி யூஜீனியாவை வரவழைத்தாள்.

யூஜீனியா குந்தியிருந்து அதன் காதைத் தடவினாள். "உங்களைக் குத்தம் சொல்ல வரல்ல. மத்த ரெண்டையும் தாங்க. செத்தாலும் என்ட வாடியில சாகட்டும்."

அதைவிட ஏசியிருக்கலாம் என்று தோன்றியது ஸுல்பிகாவுக்கு. அவளே போய்க் கேற்றைத் திறந்தாள். நோய் அடங்கியதும் மிச்சம் தப்பிய கடற்கரை நாய்களையும் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். அங்கே காது வெட்டுப்படாத புது நாய்கள் அதற்குள்ளேயே ஹோட்டல் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன.

நெய்னார் ஃபோன் எடுத்தார். "நாயெல்லாம் திரும்ப வந்திருக்கே."

"ஓம் நானா. நான்தான் விட்டன்."

"அப்ப என்ட காசு வராது."

"தெரியும்."

அடுத்த கூட்டத்தில் அவள் கேட்டது அவளுக்கே கசந்தது. தன் வட்டாரத்து மழைநீர் வடிகானுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கருத்தடைக்கு மாற்றச் சொன்னாள். பிறத்தியார் காசு என்றால் பிறத்தியார் சொன்னபடி ஆடவேண்டும் என்று அவள் கண்டுவிட்டாள். சபைக்கு அவள் காட்டக்கூடிய வேறு பணமும் இல்லை. அவள் வட்டாரத்துப் பணம்தானே என்று மற்றவர்கள் கையுயர்த்தினார்கள்.

சுதர்சினியின் வேலை மறுபடி தொடங்கியது. யூஜீனியா கடற்கரைப் பெட்டைகளை மீன்தலை காட்டிப் பிடித்துத் தானே ஓட்டோவில் கொண்டுவந்தாள். அடுத்த வருசம் ஊரில் குட்டிகள் குறைந்திருந்தன. ஆனால் கார்த்திகை மழை அதற்கு முன்பே வந்துவிட்டது. பாதியில் நின்ற வடிகான் நிரம்பி ஒழுங்கை முழுக்க முழங்காலளவு தண்ணீர். வடிகான் பணம் போனதிலிருந்து பக்கத்து வீட்டு நஃபீஸா அவளோடு பேசுவதில்லை. ஸுல்பிகா வாளியோடு அவள் வாசலுக்குப் போய், கேட்காமலே தண்ணீரை இறைக்கத் தொடங்கினாள்.

நஃபீஸா கதவைத் திறந்து பார்த்தாள். பிறகு தானும் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"நாய்க்குச் செஞ்சது சரியா இருக்கலாம் ராத்தா. அது எனக்குத் தெரியா. எங்களிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

ஸுல்பிகா அடுத்த வாளியை மொண்டு ஊற்றினாள். இருவரும் இறைத்தார்கள். இறைக்க இறைக்க ஒழுங்கைத் தண்ணீர் படியேறி வந்துகொண்டே இருந்தது.