இன்றைய தேதிக்கு மனைவி

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, காலை பத்து மணிக்கே கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற அச்சகக்காரர், புதுச் சட்டையின் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக்காரர்கள் மூவரும் வந்தாயிற்று.

குமாஸ்தா அவள் நீட்டிய வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இங்க செல்லாதும்மா.”

“கோர்ட்டு குடுத்ததுங்க. ஏழு வருஷம் ஆச்சு. அந்த ஆளு அங்கேயே இன்னொருத்தியக் கட்டி ரெண்டு பிள்ளையும் பெத்தாச்சு.”

“அங்க செல்லும். நீங்க அந்தக் கேஸுக்குப் போனீங்களா? பதிலாவது போட்டீங்களா?”

எங்கே போட்டாள்? அந்த நாட்டுக் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தபோது, “எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதே, நீயே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்” என்று அவளுடைய அண்ணன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். குடும்பமே கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அவளும் வீம்பாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“அதான் சிக்கல். உங்களக் கேக்காம ஒருதலையாக் குடுத்த தீர்ப்ப நம்ம சட்டம் ஏத்துக்காது. உங்க பாதுகாப்புக்குத்தாம்மா அப்படி வச்சிருக்கு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதுகாப்பாம், பெரிய பாதுகாப்பு! விட்டுவிட்டுப் போனவன் வருஷா வருஷம் புதுப் பெண்டாட்டியோடு வந்து, இரண்டு தெரு தள்ளி அவன் அம்மா வீட்டில் பத்து நாள் சட்டமாக உட்கார்ந்துவிட்டுப் போகிறான். இவள் மட்டும் அவன் பெண்டாட்டியாகவே பத்திரமாக இருக்க வேண்டுமாம்.

“இங்க ஒரு விவாகரத்துக் கேஸ் போடுங்க, அவருக்கு நோட்டீஸ் போகும். வராம இழுத்தடிச்சா ரெண்டு மூணு வருஷம் ஆகும். அவருக்கு என்ன அவசரம், சொல்லுங்க?”

“போகட்டும், காத்திருப்போம்” என்றார் அச்சகக்காரர், மெதுவாக.

“நீங்க சும்மா இருங்க” என்றவள் குமாஸ்தாவிடம் திரும்பினாள். “அப்ப இன்னைக்குத் தேதிக்கு நான் யாரு?”

“சட்டப்படி அவரு மனைவி.”

“எழுதிக் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“பாதுகாப்புன்னீங்களே. அதுல ஒரு முத்திரை குத்திக் குடுங்க.”

அவளுடைய முதல் கல்யாணமும் இதே அலுவலகத்தில் பதிவானதுதான். குமாஸ்தா மேலதிகாரியின் அறைக்குள் போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். பதிவேட்டின்படி இத்திருமணம் இன்றும் நடப்பில் உள்ளது என்று ஒரே ஒரு வரி, கீழே முத்திரை. அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே எதிர்க் கட்டடத்து வக்கீலம்மாவிடம் போய் மேஜைமேல் போட்டாள்.

“விவாகரத்துக்கு ஒரு கேஸ் போடுங்கம்மா. பெண்டாட்டி இருக்கும்போதே இன்னொருத்தியக் கட்டினதுக்கும் ஒண்ணு போடுங்க. அடுத்த மாசம் அம்மா வீட்டுக்கு வரான்.”

வக்கீலம்மா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “வந்து இறங்கினா ரெண்டாவது கல்யாணக் கேஸுல மாட்டிக்கிட்டு, ஆளு லேசுல திரும்பிப் போக முடியாதே.”

“தாராளமாப் போகட்டும்” என்றாள் அவள். “என் விவாகரத்துக் கேஸ்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்.”