பொட்டு வைத்த திருப்புளி

...மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும், மூன்றுக்கு ராகு காலம், செவ்வாய்க்கிழமை என்று தெரிந்தும் எதற்குத் தலையை ஆட்டினேன், ஞாயிறு என்றால் சீசன் கூட்டம், ரூமெல்லாம் நிறைந்து கிடக்கும், செவ்வாய் ரெண்டு மணிக்கு வாங்க அண்ணாச்சி என்று குற்றாலத்தில் சீசனுக்கு ரூம் விடுகிற அந்த அம்மாள் போனில் சொன்னபோது சரி சரி என்று வைத்துவிட்டேன், போலீஸில் முப்பத்து நாலு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்த ஆர்மரர் சிவசைலத்துக்கு, வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தென்காசியில் பஸ் ஏறும்போதே சாரல் பிடித்துக்கொண்டது, பக்கத்து சீட்டுக்காரர் இப்போதே தலையில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அருவிக்குப் போகிறவருக்கு என்ன கவலை. என் மடியில் ரெக்சின் பை, பைக்குள் லைசென்ஸ் புத்தகம், கலெக்டர் ஆபீஸ் அனுமதித் தாள், விற்பனைக் கடிதம் ரெண்டு பிரதி, ஒரு டார்ச், திருகாணி கழற்ற ஒரு திருப்புளி. வாங்கப் போவது நூற்றிருபது வருஷத்துப் பழைய ரிவால்வர். யார் கேட்டாலும் பழம்பொருள் ஆசை என்று சொல்லி வைத்திருக்கிறேன், மகன்கூட, ஒங்களுக்கு இந்த வயசுல எதுக்குப்பா இந்தக் கிறுக்கு என்று சிரித்தான். சிரிக்கட்டும். அந்த ரிவால்வரால்தான் இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாளின் புருஷன் நம்பிராஜன் அச்சன்புதூரில் செத்துப்போனார், தற்கொலை என்று முடிவானதற்கு நான் எழுதிக்கொடுத்த மூன்று வரிதான் காரணம், அந்த மூன்று வரி சரியா தப்பா என்பது அந்த இரும்புக்குள் இருக்கிறது, வேறு ஒருத்தன் அதைத் திறந்து பார்ப்பதற்குள் நான் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பேர் பழம்பொருள் ஆசையாம்.

நம்பிராஜன் செத்த அன்றைக்கு ஆயுத பூஜை. போலீஸ் ஆயுதக் கிடங்கில் ரைஃபிள்களை வரிசையாக நிறுத்தி, என் மேஜைச் சாமான்களையும், அரம், குறடு, திருப்புளி எல்லாவற்றையும் துடைத்து வாழை இலையில் பரப்பி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து நான்தான் சூடம் காட்டினேன். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துத்தான் வேலை தொடங்க வேண்டும், இது எந்தப் பட்டறையிலும் உள்ள வழக்கம். மத்தியானம் இன்ஸ்பெக்டர் துணியில் சுற்றி இந்த ரிவால்வரைக் கொண்டுவந்தார். பூஜைக்குத் துடைக்க எடுத்தார், வெடித்துவிட்டது என்று சம்சாரம் அழுகிறாளாம், தோட்டாவில் மூன்று வெளியே துணியில் கிடந்ததாம், குண்டு தாடைக்குக் கீழே போயிருக்கிறதாம். துடைக்கிறவர் தாடையில் வைத்தா துடைப்பார், மூணை எடுத்தவருக்கு நடுவில் மனசு மாறியிருக்கும், புருஷன் பெண்டாட்டிக்கு மூணு நாளாகப் பேச்சு வார்த்தை இல்லையாம், நீங்க துப்பாக்கி நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் எழுதுங்க, ராத்திரி எனக்கு தசரா பந்தோபஸ்து, பாடியைச் சாயந்திரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று நின்றுகொண்டே சொன்னார். இந்த ரகத்தில் தோட்டாவை அடிக்கிற சுத்தியலை, ஹாமரை, கட்டைவிரலால் முழுக்கப் பின்னால் இழுத்தால்தான் சுட முடியும். பாதி இழுத்தால் உள்ளே ஒரு பள்ளத்தில் மாட்டி நிற்கும், அப்படி நிற்கும்போதுதான் உருளையைச் சுற்றித் தோட்டாவை ஒவ்வொன்றாக எடுக்க முடியும், அப்போது விசையை எவ்வளவு அழுத்தினாலும் ஹாமர் விழக் கூடாது. பாதியில் நிறுத்தி அழுத்தினேன், விழவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன், விழவில்லை. பள்ளத்தின் உதடு தேய்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்தால்தான் நிச்சயம் சொல்ல முடியும், அது எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். திருப்புளி மூன்றடி தூரத்தில் இலையில் கிடந்தது, பிடியில் பொட்டு ஈரம் காயாமல். கை நீட்டவில்லை. பக்தியா? என்ன பெரிய பக்தி, மனசுக்குள் இன்றைக்கு வேலை கிடையாது என்று ஒரு சுகம், அவ்வளவுதான். ஆயுதம் நல்ல நிலையில் உள்ளது, பாதுகாப்புப் பள்ளம் சரியாக இயங்குகிறது, வேண்டுமென்று இயக்காமல் வெடிக்க வாய்ப்பில்லை. மூன்று வரி. கையெழுத்து. இன்ஸ்பெக்டருக்கு ஒரு கை பொரிகூட அள்ளிக் கொடுத்தேன்.

மறுநாளாவது வாங்கிப் பார்த்திருக்கலாமே... பார்த்திருக்கலாம். மறந்தும் போனேன், அதுதான் உண்மை. ஏழு வருஷம் கழித்து சிவகிரிப் பக்கமிருந்து இதே ரகத்தில் ஒன்று பழுதுக்கு வந்தது, ஹாமர் பாதிப் பள்ளத்தில் ஐந்து தடவை நின்றது, ஆறாவது தடவை என் பெருவிரலை நசுக்கிக்கொண்டு விழுந்தது. நகம் கறுத்து மூன்று மாதம் இருந்தது. அன்றையிலிருந்து சோறு பிசையும்போதெல்லாம் நம்பிராஜன் ஞாபகம், முகம் பார்த்ததில்லை, முகமே தெரியாத ஒரு மனுஷன் வந்து இலைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது... குற்றாலம் வந்துவிட்டது, இறங்கு இறங்கு என்று கண்டக்டர் கத்துகிறான்.

அருவி இரைச்சல் வீட்டுக்குள்ளும் கேட்கிறது. சீசனுக்கு விடும் ரூம்கள் மாடியில், கீழே முன்னறையில் சாவிகள் மாட்டிய பலகை, அதற்கு மேல் கடிகாரம், ரெண்டு பத்து. உமா மகேஸ்வரி என்று போனில் கேட்ட பேருக்கு நான் நினைத்த முகம் இல்லை, மெலிந்து, நரைத்து, யாரோ விட்டுப்போன ஈரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வாங்க என்றாள். கடுங்காப்பி வந்தது. மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தாள். வாரிசு என்று லைசென்ஸ் இவள் பேரில்தான், ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் எல்லா லைசென்ஸ்காரர்களையும் போல் இவளும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப வாங்கிவர வேண்டும், இதே பையில்தான் கொண்டுபோவாளாம், ரோட்டில் எல்லாரும் பையைத்தான் பார்ப்பார்களாம். இனிமேல் முடியாது அண்ணாச்சி என்றாள். இத்தனை வருஷம் ஏன் வைத்திருந்தாள்? கேட்கவில்லை. ரிவால்வரை வெளியே எடுத்தேன். முதலில் உருளையைச் சுற்றி ஆறு அறையும் காலி என்று பார்த்தேன், டார்ச் அடித்துக் குழலைப் பார்த்தேன், உள்ளே குண்டைச் சுழற்றுகிற வரி தேய்ந்திருக்கிறது, உருளையில் ஆட்டம் கொஞ்சம், மரப்பிடியில் ஒரு கீறல், நிக்கல் பூச்சு பாதி உரிந்துவிட்டது. குழலின் மேல் வரிசையாக மூன்று வட்டமாய்த் துரு, நாலணா அளவில், ஹாமரின் தலையிலும் ஒன்று. என்ன துரு இப்படி வட்டமாக... ஓ. வருஷா வருஷம் பொட்டு வைத்த இடம். ஈரச் சந்தனம் இரும்பைத் தின்றிருக்கிறது. நிஜமாகவே பழம்பொருளுக்கு ஆசைப்படுகிறவன் இந்த வட்டங்களைப் பார்த்தால் பாதி விலைதான் சொல்லுவான், நானோ சொல்லுகிற விலைக்குத் தலையாட்ட வந்தவன், இருந்தாலும் பழக்க தோஷம், வாய் தானாக, துரு இருக்கும்மா என்றது. அவுக போனதுக்கு அப்புறம் யாரும் பொட்டு வைக்கலை, அந்த வருஷம் வச்சாகளோ என்னமோ, அதுக்கு முன்ன உள்ளதுதான் என்றாள்.

கையெழுத்துக்குத் தாளை எடுத்தேன், ரெண்டரை. எடுத்தவனை அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்கதான் முன்ன பாத்தவுகன்னு தெரிஞ்சுதான் அண்ணாச்சி ஒங்களுக்கே குடுக்கேன். காகிதத்துல பேரு இருக்குல்லா.”

தெரியுமா, இருபத்தொரு வருஷமாகத் தெரியுமா? கோபமாகத்தான் கூப்பிட்டிருக்கிறாள், திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவள் திட்டவில்லை. நான் எழுதியதைப் படித்துப் படித்துத்தான் தானே நம்பினாளாம், முதல் ஒரு வருஷம் விபத்துதான் விபத்துதான் என்று எல்லாரிடமும் சண்டை போட்டாளாம், அப்புறம் அந்தக் காகிதம் கைக்கு வந்ததாம், படிச்ச மனுஷர், சர்க்கார் ஆள், ஒன்றும் இல்லாமலா எழுதுவார் என்று அடங்கிவிட்டாளாம். மகள் ஸ்வாதியைப் பார்க்க வந்தவர்கள் ரெண்டு இடத்தில், அப்பா அப்படிப் போனவராமே என்று எழுந்து போனார்களாம், ஸ்வாதி இப்போது பெங்களூரில் தனியாகவே இருக்கிறாளாம், அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லையாம். எதற்காக அந்த மூன்று நாள் பேச்சு இல்லை என்று நான் கேட்காமலே சொன்னாள், கேட்டால் சிரிப்பு வரும், அச்சன்புதூர் வயலில் அவர் யாருக்கோ தண்ணீர் விட்டுக்கொடுத்துவிட்டார், அதற்கு ஒரு கோபம்.

“மூணு நாளும் காப்பிய வாசப்படியில வச்சுட்டு மூஞ்சியப் பாக்காம வந்துருவேன். அந்தக் கோவத்துலதான் அவுக போயிட்டாகன்னு நெனச்சுத்தான் இத்தன வருசமும் கெடக்கேன்.”

மாடியில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம். இப்போது கையெழுத்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதானே, எழுந்திரு, பையை எடு, பஸ் நிற்கிறது, தென்காசி போனதும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார், ஒன்றும் இல்லாமலேயே இருக்கலாம், பள்ளம் முழுசாகவே இருக்கலாம், அப்படி இருந்தால் இந்த அம்மாளுக்குச் சொல்லவும் ஒன்றும் கிடையாது... முழுசாக இல்லாவிட்டால்? இல்லாவிட்டாலும் சொல்ல மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா. கை திருப்புளியை எடுத்தது. வாங்குகிறவன் உள்ளே பார்க்காமல் வாங்க மாட்டான் என்று அவளிடம் ஏதோ உளறிக்கொண்டே பிடியைக் கழற்றினேன், விசைக்கூண்டைக் கழற்றினேன், ஹாமரை வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பினேன். பாதிப் பள்ளத்தின் உதடு உடைந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும், அரிசிக் குருணை அளவு. புது உடைப்பா? புதிதாக இருக்கக் கூடாதா, ஸ்டேஷனில் எவனாவது கீழே போட்டிருக்கக் கூடாதா, முருகா... திருப்புளி முனையால் சுரண்டினேன். உடைந்த இடத்துக்குள்ளே இறுகிப்போய் மஞ்சளாக என்னவோ வந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன், வாசனை போய்விட்டிருந்தது, விரலில் தேய்த்தால் மாவு. சந்தனம். ஹாமர்மேல் வைத்தது வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. அவர் போன பிறகு யாரும் பொட்டு வைக்கவில்லை. அப்படியானால் உடைப்பு அதற்கும் முன்னாலேயே. தோட்டா எடுக்கும்போது குழலை மேலே தூக்கித்தான் பிடிக்க வேண்டும், மேலே பிடித்தால் அது தாடையைப் பார்க்கும், மூன்றை எடுத்திருக்கிறார், நாலாவதற்கு உருளையைச் சுற்றியிருக்கிறார், விசையில் விரல் பட்டிருக்கிறது, உடைந்த பள்ளம் ஹாமரை விட்டுவிட்டது... மனசு ஒன்றும் மாறவில்லை. டார்ச்சை அணைத்து மேஜைமேல் வைத்தேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லக்கூட இல்லை, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, உருளையின் ஆறு அறையும் காலி என்று அவளுக்கும் காட்டி, அவள் கையில் கொடுத்து, ஹாமரைப் பாதியில் நிறுத்தி, அழுத்துங்கம்மா என்றேன். எதுக்கு என்று கேட்டாள். அழுத்துங்க. அழுத்தினாள், விழவில்லை. இன்னொரு தடவை. விழவில்லை, இங்கே நிறுத்திவிட்டுத்தான் அன்றைக்கு எழுதினேன். இன்னொரு தடவை என்றேன். டக் என்று விழுந்தது. என்ன நடந்தது என்று நான் விளக்கிச் சொல்லச் சொல்ல அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்ப அவுக எம்மேல கோவமாப் போகலை என்று இரைச்சலுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

“அன்னைக்கே இதத் தொறந்து பாத்திருக்கலாம்லா அண்ணாச்சி?”

இருபத்தொரு வருஷத்தில் எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தேன், வேலைப் பளு, மேலதிகாரி அவசரம், கருவி இல்லை.

“திருப்புளி பூசையில இருந்துதும்மா. பொட்டு வச்சிருந்தேன்.”

அவுகளும் பொட்டு வைக்கத்தான எடுத்தாக என்றாள். அப்புறம் எழுந்து போய் மேஜை இழுப்பறையைத் திறந்து, ரூம் எடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்குகிற நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

“எழுதித் தாங்க. முன்ன எழுதினீங்கல்லா, அதே மாதிரி, ஒங்க பேரு போட்டு. ஸ்வாதிக்கு அனுப்பணும்.”

பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது. எழுதினால் என்ன ஆகும், பென்ஷன்காரன் கையால் தன் பொய்யைத் தானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும், மகள் கேஸ் போடுவாளா, போடட்டும், இவள் விற்கப் போகிறாளா இல்லையா, விற்பனைக் கடிதம் அந்தப் பக்கம் கிடக்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை. எழுத வேண்டியது மூன்று வரிதான். எழுதிவிடலாம், எழுதிவிடத்தான் போகிறேன், சத்தியமாக எழுதிவிடுவேன். தாளை இழுத்து நேராக வைத்தேன். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள், அந்த ஈரத் துண்டை மறுபடியும் கையில் எடுத்திருந்தாள். தலையைத் தூக்கிச் சாவிப் பலகைக்கு மேலே கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று பத்து, ராகு காலம் பிறந்துவிட்டது, நாலரைக்கு மேலே எழுதித் தாறேம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறேன்.