நார்த்தூளில் கிடந்த முட்டைகள்

கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, முடிதிருத்தும் கடை வைத்திருந்த அண்ணன் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மீன் தொட்டிகள் இருந்த அறையில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தான்.

"இதுங்க சத்தம் போடாது. நிம்மதியா தூங்கு."

தொட்டிகளில் இருந்தவை கில்லி மீன்கள். மழைக்குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் சேற்றில் முட்டையிட்டுவிட்டுச் சாகிற இனம். அடுத்த மழை வந்து நனைக்கும்வரை முட்டைகள் அந்த ஈரச் சேற்றிலேயே காத்துக் கிடக்கும்.

"பேருதான் கில்லி. ஒரு வருஷம்கூட தாக்குப்பிடிக்காதாமே?" வந்த பிறகு அவளாக வாய்திறந்தது அதுதான் முதல் தடவை.

"அதான் அதுங்களுக்கு அவ்ளோ அவசரம்" என்றான் அண்ணன்.

சேற்றுக்குப் பதிலாக, தொட்டியின் அடியில் ஒரு கிண்ணம் நிறைய வேகவைத்த தேங்காய் நார்த்தூள் வைத்திருந்தான். நீல நிற ஆண்மீன் செட்டைகளை விரித்து நடுங்கிக் காட்டும். சாம்பல் நிறப் பெட்டை வந்து ஒட்டிக்கொண்டதும் இரண்டும் தூளுக்குள் தலைகுப்புறப் புகுந்து மறையும். ஆனால் அந்த ஆணுக்கு விட்டுப்பிடிக்கத் தெரியவில்லை. ஒருநாள் பெட்டையின் வால் கிழிந்திருப்பதைப் பார்த்தவள், யாரையும் கேட்காமல் அதை வலையில் அள்ளி வேறு தொட்டியில் விட்டாள்.

சாயங்காலம் அண்ணன் குனிந்து பார்த்தான். "சரியாத்தான் செஞ்சிருக்க. அதுக்கும் மூச்சு விட இடம் வேணும்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது ஓயும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

அவள் தையல் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவள் வேலைக்குப் போயிருந்த ஒருநாள் அண்ணன் தூளைப் பிழிந்து, ஈரம் காயாமல் பையில் கட்டி அலமாரியில் வைத்தான். மாதங்கள் ஓடின. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டிகள் காலியாயின.

"அலமாரியில ஒரு பை இருந்துச்சே?" என்று ஒருநாள் கேட்டான்.

"அந்த மண்ணா? நேத்துதான் ரோஜாத் தொட்டியில கொட்டினேன்."

"முட்டையெல்லாம் அதுலதான்மா இருக்கு."

"என்னைத் திட்டிடுண்ணா."

"திட்டினா பொரிஞ்சிடுமா? அந்தப் பக்கம் பிடி."

செடியை அலுங்காமல் பிடுங்கி, மண்ணோடு தூளையும் அகலமான பேசினில் கொட்டி, குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றினார்கள்.

விடிந்ததும் அவள்தான் முதலில் போய்ப் பார்த்தாள். கலங்கல் நீரின் ஓரத்தில் மயிரிழை போல ஏதோ துடித்தது. அதற்கு இரண்டு கண்கள் இருந்தன. தள்ளி இன்னொன்று.

"அண்ணா" என்றாள் ரகசியம் போல, அவை பயந்துவிடுமோ என்று. "இதுல பெட்டை எது?"

"இப்பவே எப்படித் தெரியும்? வளரட்டும்."

அவள் தையல் கடைக்குப் போன் செய்து, இன்று வர முடியாது, வீட்டில் குழந்தைகள் என்றாள்.