கம்ப்யூட்டர் ஃபீல்டு மாப்பிள்ளை

அறிவு நுழையும் இடத்தில் அதிகாரம் எழுந்து நின்று இடம் விட வேண்டும். உலகம் இத்தனை காலம் உருண்டுகொண்டிருப்பதே அந்த மரியாதையின் மேல்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாப்பிள்ளைக்கு எழுந்து இடம் விட்டதற்குக் காரணம் அத்தனை பெரியதல்ல. வீட்டில் சாய்மானமுள்ள நாற்காலி ஒன்றுதான். அது கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்தது.

கம்ப்யூட்டர் கூவிக்கொண்டிருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே அழையுங்கள் என்று ஒரு நம்பர். பிளக்கைப் பிடுங்கத்தான் மாமனார் குனிந்திருந்தார். எதிர் வீட்டுக்காரருக்கும் இதே சிவப்பு வந்தது. அவர் அழைத்தார். கார் வைத்திருந்த மனிதர், இப்போது சைக்கிளில் போகிறார். உடம்புக்கு நல்லது என்கிறார்.

“கையை எடுங்க மாமா! அணைச்சா எல்லாம் போச்சு. போட்டிருக்கான் பாருங்க!” என்று சாப்பிட வந்திருந்த மாப்பிள்ளை பாய்ந்து வந்து உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் ஃபீல்டில் இருக்கிறார் என்று சொல்லித்தான் கல்யாணம் பேசினார்கள். பொய்யில்லை. கம்ப்யூட்டர் வைக்கிற மேஜை நாற்காலி விற்கும் கடைக்கு அவர் மேனேஜர்.

மாமனார் செருப்புக் கடையில் காலம் தள்ளியவர். கடிக்கிறது என்று அழுகிற காலையும் ‘போடப் போடச் சரியாயிடும் சார்’ என்று அனுப்பிவைத்த வாய்க்கு, ‘வேண்டாம்’ என்ற சொல் லேசில் வராது. வந்தது ஒரே ஒரு தடவை. போன வருடம் சமையலறைக் குழாயைக் கழற்றிப்போட்டு முழித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையிடம், “விடுங்க மாப்பிள்ளை, பிளம்பரைக் கூப்பிட்டுக்கலாம்” என்று சொல்லித் தொலைத்தார். மாப்பிள்ளை ஆறு மாதம் வாசற்படி மிதிக்கவில்லை. மகளையும் அனுப்பவில்லை.

ஆகவே இப்போது அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை அந்த நம்பரை அழைத்து, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

“சார், கவலையே படாதீங்க. நாங்க இருக்கோம்” என்றது தேனில் தோய்த்த ஒரு குரல். “நீங்க பேசுறதைப் பார்த்தா டெக்னிகல் ஆளு மாதிரி தெரியுது?”

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஃபீல்டுலதான் இருக்கேன்.”

“அப்பச் சுலபம் சார். மத்தவங்களுக்குன்னா விளக்கி மாளாது.”

குரல் சொன்னதையெல்லாம் மாப்பிள்ளை அமுக்கினார். சற்று நேரத்தில் திரையிலிருந்த அம்புக்குறி யாரும் தொடாமல் நகர்ந்தது. அறிமுகமில்லாத ஒருவன் வீட்டுக்குள் புகுந்து, அலமாரி அலமாரியாகத் திறந்து பார்க்கிற மாதிரி இருந்தது மாமனாருக்கு.

“இந்தச் சிவப்புக் குறியெல்லாம் பார்த்தீங்களா சார்? ஒவ்வொண்ணும் ஒரு திருடன்.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றார் மாப்பிள்ளை.

மாமனார் சமையலறைக்கு ஓடினார். மாமியார் வலிக்கிற முழங்கால்களை நீட்டிப்போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்த முழங்கால்களின் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத் தொட்டுவிடக்கூடிய தூரத்தில் இருந்தது.

“உன் புருஷன் திருடனைக் கூப்பிட்டு நடுவீட்ல உட்கார வெச்சிருக்காரு. போய்ச் சொல்லும்மா” என்று அடுப்படியில் நின்ற மகளிடம் கிசுகிசுத்தார்.

“நான் சொன்னா ராத்திரி பூரா எனக்குக் கிளாஸ் எடுப்பாரு. உங்க மாப்பிள்ளைதானே, நீங்க சொல்லுங்கப்பா.”

“நான் சொன்னா உன்னையும் கூட்டிட்டுக் கிளம்பிடுவாரு.”

“ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பாருங்க, நான் நொண்டிக்கிட்டே சாகறேன்” என்ற மாமியார், கூடத்துப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “மாப்பிள்ளை, சாப்பாடு ஆறுது!”

“இருங்க அத்தை, முக்கியமான கட்டம்!”

மாமனார் திரும்பி வந்தபோது திரையில் பேங்க் பக்கம் திறந்திருந்தது. கணக்கு நம்பர் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு காலிக் கட்டம் மினுக்கிக்கொண்டிருந்தது.

“பணம் பத்திரமா இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடலாம் சார்” என்றது குரல்.

“மாமா, பாஸ்வேர்டு சொல்லுங்க” என்றார் மாப்பிள்ளை, திரும்பாமலே.

“இதோ... கதவு திறந்து கிடக்கு, ஒரு நிமிஷம்” என்று மாமனார் வாசற்கதவுக்குப் பின்னால் போனார். மெயின் போர்டு அங்கேதான் இருந்தது.

கம்ப்யூட்டர் செத்தது. மின்விசிறி அலுத்துக்கொண்டே நின்றது. பக்கத்து வீட்டு டிவி மட்டும் கணீரென்று செய்தி வாசித்தது.

“கரண்ட் போச்சு!” என்றார் மாமனார், தேவைக்கு மேல் சத்தமாக. மாமியாரும் மகளும் கூடத்துக்கு வந்து நின்றார்கள்.

செல்போன் இன்னும் உயிரோடு இருந்தது. “சார், மெயின் போர்டைக் கொஞ்சம் பாருங்க. சில வீட்ல சரியா இந்த நேரத்துல பெரியவங்க கை பட்டுடும்.”

“என் மாமனார் அந்த மாதிரி ஆளு கிடையாது” என்றார் மாப்பிள்ளை. கதவுக்குப் பின்னால் மாமனாருக்குக் கண் கலங்கியது.

“நல்லது சார். அப்பப் பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்க. இங்கிருந்தே பார்த்துக்கறோம்.”

“மாமா?”

“மறந்துட்டேன் மாப்பிள்ளை.”

“அத்தை?”

“எனக்கு எங்க தெரியும்? தெரிஞ்சதும் மறந்துடுச்சு.”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தாள். “ஞாபகமே இல்லீங்க.”

“நல்ல குடும்பம் சார்” என்று சொல்லிவிட்டுக் குரல் வைத்துவிட்டது.

மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அவன் ஃப்ராடுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும் மாமா. பேச்சுக் கொடுத்துப் பிடிக்கலாம்னு பார்த்தேன். கரண்ட் கெடுத்துடுச்சு.”

“உங்களை மாதிரி யாரு மாப்பிள்ளை!” என்றார் மாமனார்.

“அது சரி, ஒரு வீட்ல மூணு பேரு ஒரே பாஸ்வேர்டை மறப்பாங்களா? பொறுப்பு வேணாமா?”

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

யாரும் எதையும் மறக்கவில்லை. அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு அவர் இல்லாதபோது வழங்கும் பெயர் ‘உதார்’. பாஸ்வேர்டு அந்தப் பெயரும் அவர் பிறந்த வருடமும். போட்டுக்கொடுத்தவள் அவருடைய மனைவி.